வள்ளியம்மா சொன்ன பக்கம்

ராதாகிருஷ்ணனும் வள்ளியம்மாவும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஒரே திடலில் வேலை செய்தார்கள். ஆனால் வேலை நேரத்தில் ஒருநாள்கூட ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.

கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் கோல்ப் ஆடும் திடல் அது. துரைமாரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவன் வேலை. அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் புதிதாகப் பழகுகிறவர்களிடம் "கேடியா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஒரு அடி பின்வாங்குவதைப் பார்த்துச் சிரிப்பான். அவள் களை எடுப்பவள். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி, பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். கிரீன் என்பார்கள். விடிந்ததும் ஆறு பெண்கள் அந்தத் தரையில் முட்டி போட்டு வரிசையாக நகர்ந்து, விரலாலேயே களையைக் கிள்ளி எடுப்பார்கள். துரைமார் வந்தால் எழுந்து ஓரமாகப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். துரைக்குப் பின்னால் பையோடு புருஷன் வருவான். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

திங்கட்கிழமைகளில் திடல் மூடியிருக்கும். அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். உடைந்து தூக்கிப் போட்ட மட்டைகளைக் கயிறு சுற்றி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அவர்களில் ராதாகிருஷ்ணனை யாரும் ஜெயித்ததில்லை, பீர் முகம்மதைத் தவிர. பீரின் வாப்பா நாகூரிலிருந்து வந்து திடல் வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டவர். கடையில் கிளாஸ் கழுவப் பிடிக்காமல் ஓடிவந்து பை தூக்கியவன் பீர். இருவருக்கும் ஒரே வயது. ராதாகிருஷ்ணன் பேசவே காசு கேட்பவன். பீர் பந்தோடும் பேசுவான்.

"போ ராசா, போ, போ... அடப்பாவி, எங்க போற?" என்று பந்தின் பின்னாலேயே அவன் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. துரைமார் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். திடலில் பாதியை வெட்டி மரவள்ளி நட்டார்கள். எந்தக் கையால் ஒன்பது வருஷம் புல்லைத் தடவிக் கொடுத்தாளோ அதே கையால் வள்ளியம்மா அதை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினாள். பீரின் கடையில் சீனி இல்லை, பால் இல்லை, பிறகு ஆளும் இல்லை. வாப்பா மவுத்தானார். பீரும் அவன் மனைவி நசீமாவும் மகள் மரியமும் அந்த மூடிய கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கிழங்கைத் தின்று நாளைக் கழித்தார்கள். எல்லாரும் அப்படித்தான் கழித்தார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பாசார் சந்தையில், கோயில் வாசலில், படம் காட்டும் இடத்தில் லோரி வந்து நிற்கும். வேலை அட்டை கையில் இல்லாத ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று ஏப்ரலில் மொரிதா என்று ஒருவர் திடலுக்கு வந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை. ஏதோ ரப்பர் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வந்த அதிகாரி. கண்ணாடி போட்டிருப்பார். இன்னும் வெட்டாமல் கிடந்த ஒன்பது குழிகளைச் சுற்றி நடந்தார். வள்ளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிரீனில் குனிந்து, அவள் தடவுவது மாதிரியே உள்ளங்கையால் புல்லைத் தடவினார்.

மறுநாள் பழைய கேடிகளைக் கூப்பிட்டு அனுப்பினார். உடைந்த மலாயில் அவர் சொன்னது இதுதான். அவர் ஊரில் இந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்து, ஊர் ஊராகப் போய் ஆடிப் பரிசு வாங்கிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேயும் அப்படி நாலு மாத ஆட்டப் பருவம் ஒன்று நடத்தப்போகிறார். மே மாதம் இங்கே, ஜூனில் கிள்ளானில், ஜூலையில் சிரம்பானில், ஆகஸ்டில் மறுபடி இங்கே. அதிகாரிகள் பார்க்க வருவார்கள். ஆறு பேர் ஆடலாம். எல்லாக் குழிகளையும் குறைந்த அடியில் முடித்து ஜெயிக்கிறவனுக்கு ஒரு மூட்டை அரிசி, அடுத்தவனுக்கு அரை மூட்டை, மற்றவர்களுக்கு உப்பும் கருவாடும். பருவம் முடியும்வரை ஆறு பேருக்கும் வேலை அட்டை உண்டு.

வெளியே வந்ததும் பீர் ராதாகிருஷ்ணனின் தோளில் கைபோட்டான்.

"பதினாலு வருஷம் பை தூக்கினோம். ஒருத்தனாச்சும் நம்மள ஆடக் கூப்பிட்டானா? இவன் கூப்பிடுறான் பாரு."

"அரிசிக்காகத்தான் போறோம்" என்றான் ராதாகிருஷ்ணன்.

"அரிசிக்காகத்தான் லா. இருந்தாலும் சொல்றேன்."

ஒவ்வொரு ஆட்டக்காரனும் பை தூக்க ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். ஆம்பிளைகள் எல்லாரும் லோரிக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தார்கள். ராதாகிருஷ்ணன் இரண்டு நாள் தேடிவிட்டு, சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் கேட்டான்.

"நீ வர்றியா?"

வள்ளியம்மாவுக்கு அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அவள் சொல்வதற்கு முன்னால் அவனே சொன்னான்: "பைய நான் தூக்கிக்கிறேன். நீ அந்த உருட்டுற மட்டைய மட்டும் புடிச்சிக்க. சும்மா கூட நடந்தாப் போதும்."

அப்படித்தான் முதல் ஆட்டத்துக்குப் போனார்கள். ஆட்டக்காரன் தோளில் பை, பை தூக்க வந்தவள் கையில் ஒற்றை மட்டை. ஜப்பான்காரர்கள் சிரித்தார்கள். பீர் அதைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, "தங்கச்சி, ரொம்ப கனமா இருந்தா சொல்லு, நான் ஒரு கை குடுக்குறேன்" என்றான்.

முதல் குழியில் ராதாகிருஷ்ணனின் பந்து கிரீனில் ஏறி நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து, குழிக்கும் பந்துக்கும் நடுவே இருக்கும் மேட்டைப் பார்த்தான். மட்டையை வாங்கக் கையை நீட்டினான். வள்ளியம்மா கொடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் இல்லீங்க" என்றாள், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

"என்னா?"

"நீங்க மேட்டைப் பாக்குறீங்க. புல்லு வாய்க்கால் பக்கமா சாஞ்சி வளருது. பந்து புல்லு போற பக்கந்தான் போகும். வலது கைப் பக்கம், ஒரு சாண் தள்ளி அடிங்க."

ராதாகிருஷ்ணன் அவளையே பார்த்தான். பிறகு அவள் சொன்ன பக்கம் அடித்தான். பந்து குழியைத் தாண்டிப் போகிற மாதிரி போய், யாரோ கூப்பிட்டது போல் திரும்பி உள்ளே விழுந்தது.

இரண்டாவது கிரீனில் அவனே அவள் முகத்தைப் பார்த்தான். மூன்றாவதிலிருந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். எந்தக் கிரீன் மழையில் உட்காரும், எதில் எப்போது புதுப் புல் ஒட்டினார்கள், எந்த ஓரத்தில் மண்புழு மண்ணைக் கக்கும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. ஒன்பது வருஷம் முட்டி போட்டு நகர்ந்த தரை. ராதாகிருஷ்ணன் அன்று ஜெயித்தான். அரிசி மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது, "இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?" என்று கேட்டான்.

"நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள் அவள்.

கிள்ளானுக்கு ரயிலில் போனார்கள். அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஓரமாகத் துரைமார் ஆறு குழி வெட்டி வைத்திருந்தார்கள். வள்ளியம்மா அதற்குமுன் ரயிலில் ஏறியதே இல்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பீரின் குடும்பமும் இருந்தது. நசீமாவின் சொந்தக்காரர்கள் கிள்ளானில் இருந்ததால் அவளும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். நசீமா சிறுத்த உடம்புக்காரி, குறைவாகத்தான் பேசுவாள். வாழையிலையில் பொதிந்து சுட்ட கிழங்கு அடையை எடுத்து, பெரிய துண்டை வள்ளியம்மாவின் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு ரெண்டு பேரு பசி அக்கா" என்றாள்.

யாருக்கும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. வள்ளியம்மா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். ஐந்து வயது மரியம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜன்னலில் போகும் ஒவ்வொரு பாலத்தையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். வாப்பா பீரின் வாய் அவளுக்கு அப்படியே இருந்தது.

கிள்ளான் கிரீன்கள் வள்ளியம்மாவுக்குத் தெரியாதவை. செருப்பு இல்லாத காலால் ஓரத்தில் நடந்து பார்த்தாள். உப்புக் காற்றில் புல் முரடாக வளர்ந்திருந்தது. நாலு இடத்தில் சரியாகச் சொன்னாள், இரண்டில் தவறினாள். பீர் ஜெயித்தான். பந்தோடு பேசிக்கொண்டே கடைசிக் குழிக்கு ஓடி, உள்ளே விழுந்ததும் கைலியை மடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தான். பார்க்க வந்திருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். மொரிதா அவனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். அன்று முழு மூட்டை பீருக்கு, அரை மூட்டை ராதாகிருஷ்ணனுக்கு. ரயிலில் திரும்பும்போது பீர் தன் மூட்டையைப் பிரித்து இரண்டு படி அரிசியை அள்ளி வள்ளியம்மாவின் பையில் போட்டான்.

"வேணாம்ணே, எங்களுக்கும் கெடச்சிருக்கு."

"போன தடவ நீங்க குடுத்தீங்க இல்ல? பேசாம இரு."

இப்படித்தான் அந்தப் பருவம் போனது. சிரம்பானிலும் அவர்கள் இரண்டு பேருக்குள்தான் போட்டி. மற்ற நாலு பேரும் கருவாட்டுக்கு ஆடினார்கள். அங்கே ராதாகிருஷ்ணன் ஒரு அடியில் முந்தினான். மூன்று ஆட்டத்தின் அடிகளையும் சேர்த்தால் இருவரும் சமம் என்று மொரிதா சொன்னார். வள்ளியம்மாவின் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ரயிலில் ராதாகிருஷ்ணன் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைப்பான். அவன் பேசாதவன் என்று நினைத்திருந்தது தப்பு என்று அவளுக்கு அந்த மூன்று மாதத்தில் புரிந்தது. புல்லைப் பற்றி, காற்றைப் பற்றி, ஒரு பந்தை எப்படி அடித்தால் எங்கே போகும் என்று அவன் மணிக்கணக்காகப் பேசினான். கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறான், அவ்வளவுதான். ஊரெல்லாம் பட்டினியும் பயமுமாக இருந்த காலத்தில் நாம் மட்டும் சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தும். இருந்தாலும் அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு மொரிதா இருவரையும் கூப்பிட்டார். அவருக்குச் சுமத்ராவுக்கு மாற்றல். அவர் போனதும் மிச்சமுள்ள ஒன்பது குழிகளையும் வெட்டிக் கிழங்கு நடச் சொல்லி உத்தரவு. நடவைப் பார்த்துக்கொள்ள ஒரு கங்காணி வேண்டும். அட்டை ஒன்றுதான் தருவார்கள். இரண்டு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பருவத்தில் எவன் முதலில் வருகிறானோ அவனுக்கு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மன்னிக்கணும்" என்று மலாயில் சொன்னார். ஜப்பான்காரன் ஒருவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவர்கள் கேட்டது அது ஒரு தடவைதான்.

வெளியே வந்து இருவரும் வேலி ஓரத்தில் நின்றார்கள். ராதாகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம்" என்றான் பீர். "நீ என்னா சொல்லப்போறன்னு தெரியும். விட்டுக் குடுக்குற பேச்செல்லாம் எங்கிட்ட பேசாத. உனக்கும் பொண்டாட்டி இருக்கா, எனக்கும் இருக்கா. நல்லா ஆடு. நானும் நல்லாத்தான் ஆடுவேன்."

"இல்லடா பீரு..."

"ஆடலைன்னா உன்னோட பேச மாட்டேன்."

ஆகஸ்ட் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பீருக்குப் பை தூக்க நசீமாவே வந்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கயிறு கட்டியிருந்த இடத்தில் நிற்காமல் மரியம் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். பீர் அன்று பந்தோடு பேசவில்லை. எட்டுக் குழிவரை இருவரும் சமமாகவே வந்தார்கள். ஒன்பதாவதில் பீர் நாலு அடியில் முடித்தான். ராதாகிருஷ்ணன் மூன்று அடியில் கிரீனுக்கு வந்திருந்தான். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஐந்து முழம் இருந்தது. நாலாவது அடியில் உள்ளே போனால் சமம்.

ஆனால் அதுவரை அடிகளைக் கணக்கெடுத்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்த, மொரிதாவோடு வந்த மொழிபெயர்ப்பாளன் மொரிதாவின் காதில் ஏதோ சொன்னான். மொரிதா தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். ஆறாவது குழியில் பீரின் பந்து வாய்க்காலில் விழுந்ததற்கு ஒரு அடி கூட்டிக்கொள்ள வேண்டும், விட்டுப்போயிருந்தது. பீர் மறுக்கவில்லை. "ஆமா, விழுந்துச்சு. நானே சொன்னேனே" என்றான்.

இப்போது இந்தப் பந்து உள்ளே போனால் ராதாகிருஷ்ணன் முதல். போகாவிட்டால் சமம். சமமாக வந்தால் என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராதாகிருஷ்ணன் குந்தினான். வள்ளியம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். மேடு வலப்பக்கம் இருந்தது. பந்து இடப்பக்கம் சரியும் என்று எண்ணி, அவன் வலப்பக்கம் குறி வைப்பது அவளுக்குத் தெரிந்தது. அது தப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்பு அடைமழையில் இந்த ஓரம் இடிந்து, வேறு இடத்துப் புல்லைக் கட்டி கட்டியாக வெட்டிக் கொண்டுவந்து ஒட்டியவள் அவள்தான். அவசரத்தில் கட்டிகளைத் திருப்பி வைத்துவிட்டாள். அந்த ஓரத்தில் மட்டும் புல் மேட்டைப் பார்த்து வளரும். வேறு யாருக்கும் அது தெரியாது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தினாள். கிரீனுக்கு அந்தப் பக்கம் பீர் நின்றுகொண்டிருந்தான், கைகளைப் பின்னால் கட்டியபடி. நசீமா பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே வைத்திருந்தாள். இரண்டு பேரும் பந்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

"இடது கைப் பக்கம்" என்றாள் வள்ளியம்மா. "ரெண்டு விரக்கடை."

அவன் நம்பாத மாதிரி புருவத்தைச் சுருக்கினான். பிறகு அவள் சொன்ன பக்கம் அடித்தான். பந்து உள்ளே விழுந்தது.

முதலில் ஓடிவந்து ராதாகிருஷ்ணனைக் கட்டிப்பிடித்தவன் பீர்தான். "ஜெயிச்சிட்டல்ல, ஏன்டா அழற? சிரிடா, பாக்குறானுங்க" என்று அவன் காதில் சொன்னது வள்ளியம்மாவுக்குக் கேட்டது.

அட்டை இல்லாததால் மூன்று வாரம் பீர் வெளியே வராமல் இருந்தான். நாலாவது வாரம் மரியமுக்குக் காய்ச்சல். மருந்து வாங்கப் பாசார் பக்கம் போனான். லோரி நின்றுகொண்டிருந்தது.

செய்தி கேட்டதும் வள்ளியம்மா எட்டு மாத வயிற்றோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து திடல் வாசல்வரை நடந்தே போனாள். நசீமா மகளை மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து வள்ளியம்மா அழ ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. நசீமா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"போனவரு என் புருஷன் அக்கா" என்றாள். "நீங்க இப்படி அழுதா நான் எப்ப அழறது?"

அன்றைக்கே ராதாகிருஷ்ணன் சைக்கிளில் அவர்களுடைய பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு வந்தான். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த ஒற்றை அறையில் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டாக்கினார்கள். அக்டோபரில் வள்ளியம்மாவுக்கு வலி கண்டபோது மருத்துவச்சி வர மறுத்துவிட்டாள். நசீமாதான் பார்த்தாள். ஒரு பகல் முழுக்க வள்ளியம்மாவின் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை பெண். லெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். தாய்ப்பால் போதாமல் போனபோது, நசீமா கஞ்சித் தண்ணியில் துணியை நனைத்துச் சப்ப வைத்தாள். லெட்சுமி முதலில் "ம்மா" என்று கூப்பிட்டது அவளைத்தான்.

இரண்டு பெண்களும் ஒன்றாகக் கிழங்கு பிடுங்கினார்கள், ஒன்றாகச் சீவினார்கள், ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். ராதாகிருஷ்ணன் கங்காணியாகத் தொப்பி போட்டுக்கொண்டு திடலுக்குப் போய் வந்தான். கோல்ப் பேச்சே எடுக்க மாட்டான். மட்டைகளைப் பந்தல் கால் கட்டக் கொடுத்துவிட்டான். சமமாக வந்திருந்தால் மொரிதா என்ன செய்திருப்பார் என்பதை அவனும் யோசித்தான், அவளும் யோசித்தாள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது அட்டை ஒன்று எப்படியாவது வாங்கிக் கொடுத்திருப்பாரோ? அவர் நல்ல மனுஷன்தானே? வள்ளியம்மா கிழங்குக் குச்சியை நடும்போதெல்லாம் இது வந்து நிற்கும். தான் பக்கம் சொன்னதை நசீமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயைத் திறந்தாள். நசீமா நிமிர்ந்து பார்ப்பாள். வள்ளியம்மா பேச்சை மாற்றி, "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிடுவாள்.

நாற்பத்து ஐந்து ஆகஸ்டில் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள், நாலு நாலு பேராக, எலும்பும் தோலுமாக. நசீமா தினமும் ஸ்டேஷனுக்குப் போனாள். இரண்டு மாதம் போனாள். பிறகு ஒருநாள் போகவில்லை. அன்றைக்குத்தான் பீர் வந்தான்.

மத்தியானம். வாசலில் லெட்சுமி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். இடது கால் முட்டிக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. பிள்ளை பயந்து அழாமல் அவனையே அண்ணாந்து பார்த்தது.

"நீ யாரு ராசாத்தி?" என்று அவன் கேட்டான்.

குரல்தான் உள்ளே கேட்டது. நசீமாவின் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. ஏழு வயது மரியம் கதவோரம் நின்று, இவர்தானா என்று உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பீர் அவளைக் கூப்பிடவில்லை. மெல்லப் படியில் உட்கார்ந்து, "பாலமெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கா மரியம்?" என்றான். அவள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ராதாகிருஷ்ணனுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். பீரின் காலைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அழுக்குத் துணியைச் சுற்று சுற்றாகப் பிரித்தான். நசீமா வெந்நீர் கொண்டுவந்தாள். புண் ஆறியும் ஆறாமலும் இருந்தது. இரண்டு விரல்கள் இல்லை.

வள்ளியம்மா எல்லாருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றாள். "நான் ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லிடுறேன். அன்னைக்குக் கடைசிக் குழியில இவரு தப்பான பக்கந்தான் பார்த்தாரு. அப்படியே அடிச்சிருந்தா வெளியில போயிருக்கும். நாந்தான் சரியான பக்கத்தைச் சொன்னேன். வாய் தவறி வரலண்ணே. உங்களப் பார்த்தேன், நசீமாவப் பார்த்தேன், யோசிச்சித்தான் சொன்னேன்."

ராதாகிருஷ்ணன் தலையைத் தூக்கவே இல்லை. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் நசீமா.

வள்ளியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மரியம் கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து உங்க பின்னால நின்னுச்சு. வீட்டுக்கு வந்து, 'அத்தை இடது கைப் பக்கம்னு சொன்னாங்க, மாமா ஜெயிச்சிட்டாரு'ன்னு சொன்னா. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சிமா ரெண்டு வருஷம்... தெரிஞ்சிமா எம்புள்ளையக் கையில வாங்கின?"

நசீமா வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சி. உங்க வீட்டுக்கு வர்றப்ப கோவத்தோடதான் வந்தேன். அப்புறம் உங்களுக்கு வலி வந்துச்சு. நீங்க என் கையப் பிடிச்சிக்கிட்டு விடவே மாட்டேன்னீங்க." பீரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு நான் அந்த மட்டையப் புடிச்சிக்கிட்டு, எனக்கும் உங்களாட்டம் புல்லுத் தெரிஞ்சிருந்தா, இவருக்கு நானும் சொல்லியிருப்பேன்க்கா. நீங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னாலும் சொல்லியிருப்பேன்."

லெட்சுமி ஓடி வந்து பீரின் கம்பை இழுத்தாள். அவன் அதை அவளிடம் விட்டுக்கொடுத்தான்.

"தங்கச்சி" என்றான். குரல் பழைய குரலாக இல்லை, ஆனால் அதில் பழைய ஆள் இருந்தான். "பக்கம் சரியாத்தானே சொன்ன?"

"சரியாத்தான் சொன்னேன்."

"அப்ப என்னா? பந்து உள்ள போச்சு. உன் புருஷன் நல்லா அடிச்சான். நீ நல்லாச் சொன்ன. நான் வாய்க்கால்ல போட்டேன். லோரியில ஏத்தினவன் வேற ஒருத்தன். அவன் பாவத்த நீ ஏன் தூக்குற?"

வள்ளியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நசீமா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கையால் தொடவில்லை, ஆனால் அவள் தோளும் வள்ளியம்மாவின் தோளும் பட்டுக்கொண்டிருந்தன.

"கஞ்சி இருக்கு" என்றாள் வள்ளியம்மா கடைசியில். "நெத்திலி வறுக்குறேன்."

அவள் அடுப்புப் பக்கம் போனாள். ராதாகிருஷ்ணன் காலைத் துடைத்து முடித்து, கிழியாத ஒரு வேட்டித் துண்டைத் தேடி எடுத்துச் சுற்றினான். சுற்றி முடித்து நிமிர்ந்தபோது பீர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது. மரியம் அவன் மடியில் தலை வைத்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பிச் சாப்பிடச் சொல்லவா?" என்று ராதாகிருஷ்ணன் கிசுகிசுத்தான்.

"வேணாம்" என்றாள் நசீமா. "தூங்கட்டும். கஞ்சிய அப்புறம் சுட வச்சிக்கலாம்."

நெத்திலி வாசம் அறை முழுக்கப் பரவியது. வெளியே சைக்கிள் மணி அடித்துக்கொண்டு யாரோ போனார்கள். பீரின் கால் இன்னும் ராதாகிருஷ்ணனின் மடியில்தான் இருந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.